திரையில் ஏறாத அனுமார்

எங்கள் பள்ளியில் மொத்தம் 43 பிள்ளைகள். ஓவியத்துக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. புதன்கிழமை கடைசி இரண்டு பாடவேளை கால அட்டவணையில் "கலை" என்று இருக்கும். அந்த நேரத்தில் மாம்பழம், தேசியக்கொடி, இரண்டு மலைக்கு நடுவில் சூரியன் வரைவார்கள். நான் அறிவியல் டீச்சர். இரண்டு வருடமாக அந்த வகுப்பு என் தலையில்தான். மலைக்கு நடுவில் எத்தனை சூரியனைத்தான் பார்ப்பது? போன ஜூலையில், ஆறாம் வகுப்பில் ஒளி, நிழல் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, தோல் பாவைகளின் நிழலைத் திரையில் ஆட்டிக் கதை சொல்கிற தோல்பாவைக்கூத்தைச் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது.

இது கன்னியாகுமரி மாவட்டம். இந்தக் கூத்து இன்னும் உயிரோடு இருக்கிற சில இடங்களில் எங்கள் பக்கமும் ஒன்று. என் சின்ன வயதில் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கூத்து வந்தால் பத்து நாள் ராமாயணம் ஓடும். எங்கள் பிள்ளைகளில் அதைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். நாலு கை எழுந்தது, அதில் இரண்டு யூடியூபில் பார்த்த கை.

ஆட்டுத்தோலுக்கு எங்கே போவது? அட்டையில் செய்வதென்று முடிவு. கல்யாண அழைப்பிதழ் அட்டைகளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன், மலையாகக் குவிந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் நன்றாக வரைகிற பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் அனுமாரை ஒப்படைத்தேன். ஒரு வாரம் எடுத்து ஒன்றரை அடி உயரத்தில் வரைந்தாள். கிரீடத்தில் கல், மார்பில் மாலை, வால் நுனியில் மணி, உடம்பெல்லாம் மெல்லிய ரோமக் கோடு. ஹெச்.எம். பார்த்துவிட்டு, இதைச் சட்டம் போட்டு ஆபீசில் மாட்டலாம் என்றார்.

பழைய வேட்டியைக் கயிற்றில் கட்டி, பின்னால் விளக்கைப் போட்டு, அனுமாரை ஏற்றினோம். திரையில் வந்தது ஒரு கருப்புப் பூசணிக்காய். அதற்கு ஒரு வால். கல்லும் இல்லை, மாலையும் இல்லை. ஒரு பையன், "லேய், கரடி!" என்றான். அவள் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது. வெளிச்சம் புகாத அட்டையில் எத்தனை கோடு போட்டாலும் திரைக்கு அது தெரியாது என்பதை, நிழல் பாடம் நடத்துகிற நான் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை, கூத்துக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு ஆறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபதைத் தாண்டியவர். இப்போது கூத்துக்கு அழைப்பு வருவதே அபூர்வம் என்றார். பெட்டியைத் திறந்து ஒரு சீதையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஆட்டுத்தோலைச் சுரண்டி, காயவைத்து, வரைந்து, சாயம் ஏற்றிய பாவை. கையில் பார்த்தால் மங்கிப்போன பழைய தோல்தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்ததும் சேலை பச்சையாகவும் சிவப்பாகவும் எரிந்தது. நகை எல்லாமே ஓட்டை. அட்டிகை, ஒட்டியாணம், சேலைக் கரை, எல்லாம் சின்னச் சின்ன உளியால் தட்டித் தட்டிப் போட்ட ஓட்டை. ஒவ்வொரு வடிவ ஓட்டைக்கும் ஒரு உளி.

"கோடு போட்டா தெரியாது டீச்சரம்மா. ஓட்டை போட்டாத்தான் தெரியும்" என்றார்.

பிள்ளைகள் கேட்ட கேள்விகளில் ஒன்று, "தாத்தா, நீங்க வீட்டுல என்ன பாஷை பேசுவீங்க?" என்பது. மராட்டி என்றார். தமிழில் இப்படிக் கூத்தாடுகிறவரின் வீட்டு மொழி மராட்டி என்பதைப் பிள்ளைகளால் நம்ப முடியவில்லை. தஞ்சாவூரில் மராட்டியர் ஆட்சி நடந்த காலத்தையொட்டித் தெற்கே வந்தவர்கள் என்று அவர்கள் சமூகத்தைப் பற்றிச் சொல்வார்கள். திரும்பி வரும் வழியில் வரலாற்றுப் பாடம் தானாக நடந்தது. பாலக்காட்டுப் பக்கம் இதே நிழல்கூத்தைப் பத்ரகாளி கோயிலில் இதற்கென்றே கட்டிய கூத்துமாடம் என்ற மேடையில், 21 விளக்கு வைத்து, கம்பராமாயணப் பாட்டைச் சொல்லி மலையாளிகள் நடத்துகிறார்கள் என்று சொன்னபோது இன்னும் குழம்பிப் போனார்கள். அங்கே பாவையில் வண்ணம் ஊடுருவாது, நிழல் கருப்புத்தான். ஓட்டை மட்டுமே பேசும்.

சரி, இனி ஓட்டை. உளி கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அலுவலகப் பஞ்சிங் மெஷின் ஓரத்தில் மட்டும்தான் எட்டும், நடு மார்பில் மாலை போட உதவாது. கோணி ஊசி அட்டையில் இறங்கியது. ஆனால் பின்பக்கம் பிசிறு எழும்பி, ஓட்டை பாதி மூடிக்கொண்டது. உப்புத்தாளால் பின்பக்கத்தைத் தேய்த்ததும் திறந்துகொண்டது. மெல்லிய தாளுக்கு ஊதுபத்தி அருமை. கனிகிற நுனியைத் தொட்டு எடுத்தால் வட்டமான ஓட்டை, பிசிறே இல்லை. ஊதுபத்தி வேலையை நான் மட்டும்தான் செய்தேன், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு. அப்படியும் ஒரு ராமருக்கு வில்லோடு சேர்த்துக் கை பொசுங்கியது.

ஒன்று கவனித்தோம். ஓட்டையும் ஓட்டையும் மிக நெருங்கினால் அட்டை கிழிந்துவிடுகிறது, விலகினால் திரையில் மாலையாகச் சேரவில்லை. கோணி ஊசி ஓட்டைக்கு நடுவே ஒரு நெல் அகலம் விட்டால் சரியாக வந்தது. அளவுகோலை விட நெல்தான் பிள்ளைகளுக்குப் புரிந்தது.

அடுத்தது வண்ணம். கண்ணாடித்தாள் ஒட்டலாம், ஆனால் அது ஒரே நிறத்தில் தட்டையாக வரும், தோலின் அந்தத் தேன் போன்ற வெளிச்சம் வராது. பஜ்ஜி கட்டின தாளை நினைத்துக்கொண்டேன். எண்ணெய் பட்ட இடம் மட்டும் வெளிச்சத்தை விடும் இல்லையா? தாளின் நாருக்கு நடுவே இருக்கிற காற்றில் ஒளி சிதறுவதால்தான் தாள் வெள்ளையாகத் தெரிகிறது. அந்த இடைவெளியை எண்ணெய் நிரப்பிவிட்டால் சிதறல் குறைந்து ஒளி ஊடுருவும். கொஞ்சம் கனமான வரைதாளில் ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டி, ஓட்டை போட்டு, அப்புறம் பின்பக்கம் எண்ணெய் தடவுவது என்று வரிசை போட்டோம். இந்த வரிசை முக்கியம். எண்ணெய் தடவின பிறகு ஸ்கெட்ச் பேனா பிடிக்காது. எண்ணெய்த் தாள் பக்கத்தில் ஊதுபத்தியைக் கொண்டுபோகவே கூடாது. கிரையான் வேண்டாம், எண்ணெய் பட்டதும் இளகி ஈஷிக்கொள்கிறது.

குமரி மாவட்டத்தில் எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய்தானே. பஞ்சில் தொட்டுத் தடவினோம். தாளை வெளிச்சத்தில் பிடித்தபோது வகுப்பே "ஆ" என்றது. எனக்கும் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே திரையில் வைத்து ஆட்டினோம், அரைமணி நேரம்.

மறுநாள் காலையில் பார்த்தால் வேட்டி முழுக்க எண்ணெய்த் திட்டு. பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்துத்தானே ஆட்டுகிறோம்? எண்ணெய் எல்லாம் வேட்டிக்கு ஏறிவிட்டது. பின்னால் விளக்கைப் போட்டால் திட்டுகள் ஒவ்வொன்றும் பளிச்சென்று மின்னின. சோப்பு, சீயக்காய், வெந்நீர் எல்லாம் பார்த்தாயிற்று. பெரும்பாலானவை போயின. வலது மேல் மூலையில் ஒரு பெரிய வட்டம் மட்டும் போகவே இல்லை.

பாவைகளைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே புத்தகம் அடுக்கி இரண்டு நாள் விட்டேன். பயனில்லை, தேங்காய் எண்ணெய் காயாது. தலையில் தடவினால் நாள் முழுக்க அப்படியே இருக்கிறதே, அதுதான் அதன் குணம். பெயின்ட் கடையில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் லின்சீட் ஆயில் ஞாபகம் வந்தது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகி, மெல்லிய படலமாக மாறும். ஓவியர்கள் எண்ணெய் வண்ணத்துக்கு அதைப் பயன்படுத்துவது அதனால்தான். அரை லிட்டர் வாங்கினேன். வாடை பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்பதால், தடவும் வேலையை வராந்தாவில் நானே செய்தேன். பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும், மிஞ்சினதைத் துடைத்துவிட வேண்டும். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் விரலில் ஒட்டவில்லை, ஐந்தாம் நாள் துணியிலும் ஒட்டவில்லை. தாளும் லேசாக மஞ்சள் ஏறி, நிஜமாகவே தோல் மாதிரி ஆனது.

ஒரு எச்சரிக்கை. லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. இறுகும்போது சூடு வரும், சுருட்டின துணியில் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கலாம். நான் தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவைத்து, அப்புறம்தான் வெளியே போட்டேன்.

விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதில்தான் எனக்குள் இருக்கிற அறிவியல் டீச்சருக்குக் கொண்டாட்டம். முதலில் வகுப்பறையில் இருந்த நாலடி ட்யூப்லைட்டை, கழற்ற வேண்டாமே என்று அப்படியே பயன்படுத்திப் பார்த்தோம். விளக்கு படுக்கைவாட்டில் இருந்தது. திரையில் ஒரு வேடிக்கை: சீதையின் சேலைக் கரை, குறுக்குக் கோடுகள் ஓரளவு தெரிந்தன. ராமர் கையில் நிமிர்ந்து நின்ற வில் மட்டும் காணாமல் போய்விட்டது. "டீச்சர், வில்லு எங்கே?" பாவையைத் தொண்ணூறு டிகிரி திருப்பிப் படுக்கவைத்தால் வில் வந்தது, கரை போனது. ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு பாடவேளை முழுதும் போனது, போகட்டும்.

கணக்கு இதுதான். விளக்கின் அகலத்தை, பாவைக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, விளக்குக்கும் பாவைக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால், நிழல் விளிம்பு எவ்வளவு மங்கும் என்று கிடைக்கும். ட்யூப்லைட் நீளம் 120 செ.மீ., விளக்கு 1 மீட்டர் பின்னால், பாவை திரைக்கு 2 செ.மீ. பின்னால் என்றால் 2.4 செ.மீ. மங்கல். விரல் அகல வில் அதில் கரைந்துவிடும். ஆனால் ட்யூபின் குறுக்களவு இரண்டரை செ.மீ. சொச்சம்தான், அந்தத் திசையில் மங்கல் அரை மில்லிமீட்டர். அதனால் குறுக்குக் கோடு தப்பிக்கிறது. பால் நிற உறை போட்ட 6 செ.மீ. எல்.ஈ.டி. பல்பு என்றால் எல்லாத் திசையிலும் 1.2 மில்லிமீட்டர், பரவாயில்லை. ஆனால் பையன் கை தளர்ந்து பாவை திரைக்கு 10 செ.மீ. பின்னால் போனால் 6 மில்லிமீட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது. ஊசி ஓட்டை மாலை அதோடு சரி.

செல்போன் டார்ச் வெகு கூர்மையாகக் காட்டியது. ஆனால் எதிரே உட்கார்ந்தவர்கள் கண்ணுக்குத் திரை வழியாக ஒரே ஒரு புள்ளி குத்தியது, சுற்றிலும் இருட்டு. கடைசியில் எலக்ட்ரிக் கடைக்காரர் உள்ளே தேடி எடுத்துக்கொடுத்த 60 வாட் பழைய குண்டு பல்பு, தெளிந்த கண்ணாடி உள்ளது, அதுதான் பொருந்தியது. ஆட்டுபவர் தலைக்கு மேலே தொங்கவிட்டு, பழைய எண்ணெய் டின்னை வெட்டி மறைப்பு வைத்தோம். வெளிச்சம் திரை மேல் சரிவாக விழுந்தால் பல்பு பார்க்கிறவர் கண்ணில் நேராகப் படாது. சூடு நிறைய. துணியிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி, ஸ்விட்ச் என் பொறுப்பில்.

மூட்டுக்குப் பித்தளைப் பின் கிடைக்கவில்லை. நூல் முடிச்சு போட்டால் இறுகினது அசையவில்லை, தளர்ந்தது உருவிக்கொண்டது. சட்டைப் பொத்தான் இரண்டை இருபுறமும் வைத்து நூலால் தைத்தோம், கை நன்றாக வீசியது. பொத்தான் திரையில் முழங்கையில் கருப்பு வட்டமாகத் தெரிவதைப் பார்த்து நான் முகம் சுளிக்க, ஒரு சின்னப்பிள்ளை அதைச் சுற்றி ஓட்டை போட்டுக் கங்கணமாக்கிவிட்டாள். பிடிக்குத் தென்னை ஈர்க்கிலை வைத்துப் பார்த்தோம், வளைந்தது. மூங்கில் சிம்பை நடுவே பிளந்து, பாவையை அந்தப் பிளவில் செருகி, இரண்டு இடத்தில் கட்டினோம். இப்படிச் செருகினால் பாவையைப் புரட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகம் திருப்பலாம். முதலில் சிம்பை ஒரு பக்கமாக டேப் போட்டு ஒட்டியிருந்தோம். எல்லாரும் வலது பக்கமே பார்த்து நின்றார்கள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி.

இப்போது ஒரு வள்ளத்தைப் பற்றி. கடற்கரைப் பக்கத்திலிருந்து வருகிற எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். ஓவிய வகுப்பு என்றாலே தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். கோடு நேராக வராது, எல்லாரும் சிரிப்பார்கள். அனுமார் கடலைத் தாண்டுகிற காட்சிக்குக் கடல் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் அவன் ஒரு அட்டை வள்ளத்தோடு வந்தான். வளைவு கோணல், பரவாயில்லை. வள்ளத்திலிருந்து கீழே தொங்க, வீட்டில் கிழிந்துபோன நைலான் வலையில் ஒரு முழம் வெட்டி ஒட்டியிருந்தான். கையில் பார்க்கக் குப்பை மாதிரி இருந்தது.

திரையில் ஏற்றினோம். ஒவ்வொரு கண்ணியும் தெரிந்தது. வள்ளத்தை லேசாக ஆட்டினால் வலை ஒரு நொடி பிந்தி அசைந்தது, தண்ணீரில் அசைகிற மாதிரியே. யாரும் பேசவில்லை. அனுமார் வரைந்தவள்தான் முதலில், "இன்னும் கொஞ்சம் வலை இருக்கா?" என்று கேட்டாள். அவள் தன் பழைய அனுமாரை ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்தாள். இந்த முறை மேசையில் வைத்து வரையவில்லை. ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டி, வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டை போட்டாள். ரோமத்துக்கு வலைத்துண்டு. பழைய அனுமார் ஆபீசில் சட்டத்துக்குள் இருக்கிறார். ஹெச்.எம்.முக்கு இன்றும் அதுதான் பிடிக்கும்.

கதையை நான் எழுதவில்லை. கூத்தில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று இரண்டு கோமாளிகள் உண்டு. ராமாயணத்துக்கு நடுவில் வந்து ஊர்க்கதை பேசிச் சிரிக்கவைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் அவர்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இருவரும் இலங்கைக்கு வள்ளத்தில் நொங்கு விற்கப் போகிறார்கள். அனுமார் ஊரைக் கொளுத்துகிறார். "லேய், நொங்கெல்லாம் வெந்து போச்சே, யாருட்டல காசு கேக்க?" இது பிள்ளைகள் எழுதியது. சத்துணவில் முட்டை சின்னதாகிவிட்டதைப் பற்றியும் ஒரு வசனம் இருந்தது. ஹெச்.எம். என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன்.

பெரியவர் ஒத்திகைக்கு ஒருநாள் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார். பேசுகிற பாவை மட்டும் அசைய வேண்டும், மற்றது சும்மா நிற்க வேண்டும். எல்லாம் ஆடினால் யார் பேசுகிறார் என்று தெரியாது. உண்மையான கூத்தில் பாவைகளை ஆட்டுவதும் எல்லாருக்கும் குரல் கொடுப்பதும் ஒரே ஆள் என்பதால் அந்தக் குழப்பமே வராதாம். எங்களுக்கு ஒன்பது பேர், ஒன்பது குரல், பதினெட்டு முழங்கை. திரைக்குப் பின்னால் ஒருவர் முழங்கை இன்னொருவர் மூக்கில் பட்டு, சீதை இரண்டு முறை "ஆ" என்றாள். தரையில் சுண்ணக்கட்டியால் அவரவர் இடத்தைக் கட்டம் போட்டு, முடித்ததும் இடதுபுறமாகத்தான் வெளியேற வேண்டும் என்று சட்டம் வைத்த பிறகு கொஞ்சம் அடங்கியது.

ஆகஸ்ட் கடைசி வெள்ளி, மாலை ஆறரைக்குக் கூத்து. திரைக்கு வேட்டி நன்றாகத் துவைத்து மெலிந்த பருத்தியாக இருக்க வேண்டும். புதுசு, கஞ்சி போட்டது, பளபளப்பு, எதுவும் ஆகாது. கீழ் விளிம்பில் மூங்கில் கழியைச் சுருட்டிக் கட்டினால் சுருக்கம் இராது. சுற்றிலும் கிழிந்த குடைத் துணி. அந்தப் போகாத எண்ணெய் வட்டம் வலது மேல் மூலையில் அப்படியே பளிச்சென்று நின்றது. நான் மறைக்கச் சொல்ல மறந்துவிட்டேன். உச்சிக்குடும்பன் வள்ளத்திலிருந்து அண்ணாந்து பார்த்து, "இன்னைக்கு நெலா நல்லா எண்ணெ தேச்சுக் குளிச்சிருக்குலா" என்றான். ஒத்திகையில் இல்லாத வசனம்.

இலங்கை எரியும்போது சிவப்புக் கண்ணாடித்தாளை விளக்கு முன்னால் அசைத்தோம். அந்த இடத்தில் முன்வரிசைக் குழந்தை ஒன்று அழுதுவிட்டது. அனுமாரின் வால் நடுக்காட்சியில் இரண்டாகப் பிய்ந்தது. அனுமார் செய்தவள் பிய்ந்த துண்டைத் தனியாகப் பிடித்துப் பறக்கவிட்டாள், யாரும் கவனிக்கவில்லை.

செலவு: லின்சீட் ஆயில், பல்பு, வரைதாள், கண்ணாடித்தாள், ஸ்கெட்ச் பேனா எல்லாம் சேர்த்து 780 ரூபாய். மூங்கில், பொத்தான், வலை, வேட்டி இனாம்.

அக்டோபர் மழையில் பெட்டியைத் திறந்தபோது ராமரும் உளுவத்தலையனும் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தார்கள். ஐந்து நாள் காய்ந்தது போதவில்லை போலிருக்கிறது. பிரித்ததில் ராமருக்கு ஒரு காது போனது. இப்போது ஒவ்வொன்றுக்கும் நடுவே செய்தித்தாள் வைத்து, படுக்கவைக்காமல் பெட்டிக்குள் தொங்கவிட்டிருக்கிறோம். அனுமார் வாலை முதலில் செல்லோடேப் போட்டு ஒட்டினோம். டேப் திரையில் தனிப்பட்டையாகத் தெரிகிறது. வலைத்துண்டு வைத்து ஒட்டலாமென்றால், அது தீர்ந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பையன் இப்போது ஒன்பதாவதுக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டான், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறான்.